மேட்ச் பாயின்ட்டில் ஒரு பொன்னாடை

காஞ்சி மாநகர டென்னிஸ் வளர்ச்சிப் பேரவையில் டென்னிஸ் ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேரவைத் தலைவர் கலியாணசுந்தரமே ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மைக்கைப் பிடித்துப் பெருமையாகச் சொல்கிற விஷயம்தான். ஆடுகிறவர்களை உள்ளே விட்டால் அவரவர் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள், அப்புறம் நிர்வாகத்தை யார் பார்ப்பது என்பார். அவருக்கு மூன்று மாடியில் பட்டுக்கடை. நிர்வாகம் தெரிந்த மனிதர்.

பேரவைக்குச் சொந்தமாக ஒரே ஒரு கோர்ட் உண்டு. முகூர்த்த நாட்களில் அது பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்கள் கார் நிறுத்தும் இடம். எங்கள் ஊர்ப் பெண் சிம்ரன் டென்னிஸ் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆடியிலும் மார்கழியிலும் அவள் ஆட்டம் மளமளவென்று முன்னேறும். தை பிறந்துவிட்டால் தேங்கிவிடும். கார்கள் நிற்கிற நாளிலும் ஒரு ஓரமாக ஆடிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். பந்தைத் தூக்கி அடித்தால் யாருடைய கண்ணாடியிலாவது விழும் என்பதால் எல்லாவற்றையும் தாழ்வாக, நெட்டை உரசுகிற மாதிரி அடித்துப் பழகினாள். சென்னை அகாடமியில் சேர்ந்தபோது அங்கிருந்த கோச் இந்த அடியை எங்கே கற்றாய் என்று வியந்து கேட்டார். கார் நிறுத்தத்தில் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அவர் அதை ஏதோ அயல்நாட்டு அகாடமியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புரொபஷனலாகி இரண்டு வருஷம். ஆரம்ப காலத்தில் புரொபஷனல் டென்னிஸ் என்பது தோற்பதற்காக ஊர் ஊராகப் போவது. லக்னோவில் தோற்றாள், குவாலியரில் தோற்றாள், சோலாப்பூரில் மழையால் ஒருநாள் தாமதமாகத் தோற்றாள். உலகத் தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. தரவரிசைப் போட்டி ஒன்றின் முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரு பாயின்ட். அந்த ஒரு பாயின்ட் இருந்தால்தான் அந்த வரிசையின் கடைசியிலாவது பெயர் வரும். அது இல்லாதவரை உலகத்தைப் பொறுத்தவரை அவள் டென்னிஸே ஆடவில்லை. அகாடமியில் அவளை இலவசமாக வைத்திருந்தார்கள். வருஷ முடிவுக்குள் வரிசையில் பெயர் வராவிட்டால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியும்விட்டார்கள். அதற்கப்புறம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக விசில் ஊத வேண்டியதுதான்.

அவள் ஒவ்வொரு முறை தோற்றுத் திரும்பும்போதும் பேரவை தவறாமல் பாராட்டு விழா நடத்தியது. தோல்விக்கு அஞ்சாத வீராங்கனை என்று பஸ் நிலையம் எதிரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவள் படம் தபால் தலை அளவு, பேரவையினர் படங்கள் ஆளுயரம். வீட்டில் சால்வைகள் மலையாகக் குவிந்தன. அவள் அப்பா ஜெபகுமார் அவற்றைத் தைத்துத் தன் டூரிஸ்ட் வேன் சீட்டுகளுக்கு உறையாகப் போட்டுவிட்டார். கோயில் பார்க்க வருகிறவர்களை ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் என்று சுற்றிக்காட்டிவிட்டுக் கடைசியில் கலியாணசுந்தரத்தின் கடை வாசலில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. கடைக்காரர் பார்த்துக் கொடுப்பதை வைத்துத்தான் மகள் லக்னோவுக்கும் குவாலியருக்கும் போய்த் தோற்றுவிட்டு வந்தாள். அதனால் பேரவை எது சொன்னாலும் ஜெபகுமாரின் பதில் ஒன்றே ஒன்றுதான்: சரிங்க சார்.

இப்படி இருக்கையில்தான் தரவரிசைப் போட்டி ஒன்று காஞ்சிபுரத்துக்கே வந்து சேர்ந்தது. எந்த ஊரிலோ நடக்க வேண்டியது, அங்கே மைதானம் வெள்ளத்தில் மூழ்கவே இங்கே பேரவையின் கோர்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண் என்று சிம்ரனுக்கு நேரடியாக முதல் சுற்றில் இடம் கிடைத்தது. இரண்டு நாள் அவள் இதையே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர், தெரிந்த தரை, ஒரே ஒரு ஆட்டம்.

பேரவையின் அவசரக் கூட்டத்துக்கு அவளையும் வீராங்கனைகள் பிரதிநிதி என்று கூப்பிட்டு, கதவோரம் ஒரு நாற்காலியும் ஒரு தட்டில் கேசரியும் கொடுத்தார்கள். கலியாணசுந்தரம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"உலகம் பூரா நம்ம ஊரைப் பட்டை வச்சித்தான் தெரிஞ்சிக்கினு இருக்குது. அப்பேர்ப்பட்ட ஊர்ல நைலான் வலையைக் கட்டி வெளிநாட்டுப் பொண்ணுங்களை ஆட வுட்டா எப்படி இருக்கும்? முகூர்த்தத்துல மணப்பொண்ணை நைட்டியோட உக்கார வச்ச மாதிரி இருக்கும். நெட்டு பட்டுலதான் வரணும். சுத்த ஜரிகை. என் செலவு."

கைதட்டல் ஓய்ந்ததும் சிம்ரன் தயங்கித் தயங்கி எழுந்தாள். "நெட்ல பந்து வந்து அடிக்கும் சார்."

"ஏம்மா அடிக்கணும்? நல்லா ஆடுறவங்க நெட்லயா அடிப்பாங்க?"

அவள் உட்கார்ந்து கேசரியைத் தின்றாள்.

தறி பூட்டினார்கள். டென்னிஸ் நெட் நாற்பத்திரண்டு அடி. இரண்டேகால் புடவைக்கும் கொஞ்சம் மேலே. உடல் மயில் கழுத்து நிறம், கரை அரக்கு. உடம்பு முழுக்க டென்னிஸ் ராக்கெட் புட்டா போட வேண்டும் என்பது தலைவரின் ஆசை. நெய்து வந்தபோது அது ஜல்லிக்கரண்டி மாதிரி இருந்தது. ஆனாலும் அழகான ஜல்லிக்கரண்டி. அடுத்து முந்தானைச் சண்டை வந்தது. கோர்ட்டின் ஒரு கம்பம் பெரிய காஞ்சிபுரத்துப் பக்கம், மற்றொன்று சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம். முந்தானை எங்கள் பக்கம்தான் தொங்க வேண்டும் என்று இரு தரப்பு உறுப்பினர்களும் ராஜினாமா வரை போய்விட்டார்கள். கடைசியில் செயலாளர் கண்ணாயிரம் இரண்டு பக்கமும் முந்தானை வைத்துவிடலாம் என்றார். ரியல் எஸ்டேட்காரர், ஒரே மனையை இரண்டு பேருக்குக் காட்டிப் பழகியவர். இரண்டு முந்தானை வைத்த பட்டு இந்த ஊரில் அதற்கு முன் நெய்யப்பட்டதில்லை.

போட்டியின் ரெஃப்ரி பாலாஜி பெங்களூரிலிருந்து வந்தார். விதிப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். நெட்டைப் பார்த்ததும் குடைக்கு அடியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். சிம்ரனுக்கு நம்பிக்கை வந்தது. இவர் ஒருத்தர் போதும், கழற்றச் சொல்லிவிடுவார் என்று பக்கத்திலேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். "பந்து நுழைய முடியாத அளவுக்கு வலைக் கண்கள் சின்னதா இருக்கணும்னு விதி. இதுல தண்ணியே நுழையாது. நடு உயரம் சரியா இருக்கு. மேல் பட்டை மட்டும் வெள்ளையா இருக்கணும்."

மேல் பட்டைக்கு ஒரு வேட்டியைக் கிழித்துத் தைத்தார்கள். விதி நிறைவேறிவிட்டது.

போட்டியன்று காலை நல்ல நேரம் பார்த்து நெட்டின் மூலையில் மஞ்சள் வைத்தார்கள். புதுத்துணி இல்லையா. சிறப்பு விருந்தினர் காசிநாதன் வந்து தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. மாநில நிலத்தடி வடிகால் ஆலோசனை வாரியத்தின் துணைத் தலைவர் அவர். திருப்புட்குழியில் வீடு. கூப்பிடு தூரத்தில் இருப்பவர் என்பதால் வரவே இல்லை. காத்திருந்த நேரத்தில் மேடையில் இருந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். தலைவர் செயலாளருக்கு, செயலாளர் பொருளாளருக்கு, பொருளாளர் மைக் செட்காரருக்கு. மதியத்தைத் தாண்டியதும் பாலாஜி புத்தகத்தைக் காட்டிக் கறாராகப் பேசி ஆட்டத்தை ஆரம்பிக்க வைத்தார்.

சிம்ரனுக்கு எதிராளி உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த மதினா. நெடுநெடுவென்று வளர்ந்த பெண். நெட்டைத் தடவிப் பார்த்து, முந்தானையைக் கன்னத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டாள். பேரவையினர் உருகிப்போனார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் சிம்ரனின் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் அடி நெட்டை உரசிப் போகிற அடி. அது கொஞ்சம் தாழ்ந்தால் ஜரிகையில் விழும். சின்ன வயதில் அப்பா வேனில் வந்தவர்களைக் கடைக்குள் அனுப்பும்போது இவளும் பின்னாலேயே போவாள். கை வைக்காதே, கை வைக்காதே என்று நாலு பக்கமும் சத்தம் வரும். அந்தச் சத்தம் இப்போது முழங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பந்தைத் தூக்கித் தூக்கி வானத்துக்கு அனுப்பினாள். மதினா அதைத் தரையில் போட்டு நசுக்கினாள். இரு கம்பங்களுக்கும் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் இருவரும் சிம்ரனைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார்கள். முதல் செட் போய்விட்டது.

இரண்டாவது செட்டில் கை தவறி ஒரு பந்து நெட்டின் நடுவில் விழுந்தது. காவலர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். கண்ணாயிரம் மல் துணியோடு ஓடி வந்து துடைத்தார். ஜரிகையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இழவு வீட்டில் பேசுகிற குரலில் அவளிடம் சொன்னார்.

"எத்தினி நாள் தறியில நெஞ்ச பொருளு தெரியுமாம்மா? நம்ம ஊர்ப் பொண்ணு நீயே இப்படிப் பண்ணலாமா?"

சிம்ரனுக்கு அப்போது வந்தது கோபம். சுத்தமான கோபம். லக்னோ பிளாட்பாரத்தில் கிட் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தது, சோலாப்பூரில் காய்ச்சலோடு ஆடியது, எல்லாம் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் கார் நிறுத்தத்தில் பழகிய அடியைத்தான் அடித்தாள். நூலிழையில் தாண்டியது பாதி, நெட்டில் விழுந்தது கொஞ்சம். விழும்போதெல்லாம் கண்ணாயிரம் ஓடி வந்து துடைத்தார். நெட்டைத் துடைக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை என்பதால் பாலாஜி குடைக்குள்ளேயே இருந்தார். துடைத்து முடிக்கிறவரை நின்று நின்று மதினாவுக்கு உடம்பு ஆறிப்போனது, பொறுமையும் போனது. இரண்டாவது செட் சிம்ரனுக்கு. மூன்றாவதில் இழுபறியாகப் போய், கடைசியில் அவளுக்கு மேட்ச் பாயின்ட்.

ஒரே ஒரு பந்து. ஜெபகுமார் வேன் சாவியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பேண்டு வாத்தியம் கேட்டது. காசிநாதன் வந்துவிட்டார்.

கலியாணசுந்தரம் சால்வைப் பெட்டியில் கைவிட்டார். காலையில் ஒருவருக்கொருவர் போர்த்தியே தீர்த்திருந்ததால் அடி அட்டைதான் தட்டுப்பட்டது. வந்தவர் ஏற்கெனவே மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தார். அவர் தோள் வெறுமையாக இருந்தது. பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் தோளும் அப்படி இருந்ததில்லை. தலைவர் அங்குமிங்கும் பார்த்தார். எதிரில் மயில் கழுத்து நிறத்தில், வெயிலில் தகதகவென்று அது நின்றது. அவர் கண்ணாயிரத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் காவலர்களைப் பார்த்தார்.

சிம்ரன் சர்வீஸ் போட்டாள். மதினா அதைத் தடுமாறித் திருப்பினாள். பந்து தாழ்வாக, நிச்சயம் நெட்டில்தான் விழும் என்கிற வாக்கில் வந்தது. சிம்ரன் கையை மேலே தூக்கிக் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டாள். பந்து வந்துகொண்டே இருந்தது. அவள் காலடியைத் தாண்டிப் பின்னால் கம்பி வேலியில் போய் மோதியது. நெட் இருந்த இடம் காலி; காவலர்கள் இருவரும் அதைச் சுருட்டி மேடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பாலாஜி புத்தகத்தைப் பார்த்து, அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆட வேண்டும் என்று அறிவித்தார். ஆனால் எதன் மேல் ஆடுவது என்று புத்தகத்தில் இல்லை. போட்டி நடத்துகிறவர்களே எடுத்த நெட் திரும்பி வராவிட்டால் போட்டியை ரத்து செய்ய வேண்டியதுதான், முடியாத ஆட்டத்துக்கு யாருக்கும் பாயின்ட் கிடையாது என்று மட்டும் இருந்தது. அவர் அதை வருத்தத்தோடு சிம்ரனிடம் படித்துக் காட்டினார்.

மேடையில் காசிநாதனுக்கு நாற்பத்திரண்டு அடிப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். தோளில் போட்டு மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பைச் சுற்றி, மறுபடி தோளைச் சுற்றி, சுற்றிக்கொண்டே போனார்கள். முடிந்தபோது தலையும் மைக் பிடித்த கையும் மட்டும் வெளியே தெரிந்தன. பெரிய காஞ்சிபுரத்து முந்தானை ஒரு பக்கமும் சின்ன காஞ்சிபுரத்து முந்தானை மறுபக்கமும் தொங்கின. இரு தரப்புக்கும் திருப்தி. காசிநாதன் பேச ஆரம்பித்தார்.

"டென்னிஸ்னா என்ன? ரெண்டு பேர் ஆடுறாங்க. அந்த ரெண்டு பேர் ஆடறதுக்கு இத்தினி பேர் மேடையில உக்காந்துக்கினு கஷ்டப்படுறோம். அப்ப யாரு பெரியவங்க? நீங்களே சொல்லுங்க. ஆடுறவங்க இன்னிக்கி வருவாங்க, நாளைக்கி போயிடுவாங்க. சிறப்பு விருந்தினருங்க எப்பவும் இருப்போம். நான் இன்னும் ஒரு விழாவுக்குப் போகணும். இந்தப் பொன்னாடையோடவே போறேன்."

நெட் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் போர்த்திய பொன்னாடையைத் திருப்பிக் கேட்பது என்பது கட்டிய தாலியைத் திருப்பிக் கேட்பதற்கு அடுத்தபடி. கலியாணசுந்தரம் கைகூப்பி நின்றார். ஜெபகுமார் தலையைக் குனிந்துகொண்டார். சிம்ரன் ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினாள். அவளுக்கு ஒரு பாயின்ட் வேண்டும், அவ்வளவுதான், அது இந்த ஆளின் உடம்பைச் சுற்றி இருந்தது.

"சார், அது நெட்டு சார். எனக்கு ஒரு பாயின்ட் பாக்கி இருக்குது. குடுத்துடுங்க."

செல்ஃபி கேட்கிறாள் என்று நினைத்த காசிநாதன் சிரித்து முகத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் பெரிய காஞ்சிபுரத்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஒரு சுற்று சுற்றினார். பேச்சை நிறுத்தும் பழக்கம் இல்லாதவர், ஆகவே சுற்றிக்கொண்டே பேசினார். நிலத்தடி வடிகால் திட்டத்தின் பயன்கள் கிழக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் எடுத்துரைக்கப்பட்டன. கடைசி மடிப்பு கழன்றபோது அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நன்றி வணக்கம் என்றார்.

சிம்ரன் நெட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். மறு நுனியை மதினா பிடித்துக்கொண்டாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். இருவரும் சேர்ந்து கட்டினார்கள். பாலாஜி உயரத்தை அளந்து தலையசைத்தார். சிம்ரன் சர்வீஸ் போட்டாள். மதினா திருப்பியது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. அவ்வளவுதான். ஒருவர் மட்டும் கைதட்டினார். அது ஜெபகுமார். கலியாணசுந்தரம் திரும்பிப் பார்த்ததும் அதுவும் நின்றது.

அன்று மாலைக்குள் காஞ்சிபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு பெண் உலகத் தரவரிசைக்குள் வந்துவிட்டாள் என்பதல்ல, ஒரு பெண் சிறப்பு விருந்தினரின் பொன்னாடையை உருவிவிட்டாள் என்பது. இட்லிக் கடையில் பேசினார்கள், ஷேர் ஆட்டோவில் பேசினார்கள். சுற்றிவிட்ட காட்சி வாட்ஸ்அப்பில் வேறு சுற்றியது. பேரவை கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டு, நெட்டைக் கழற்றிக் காசிநாதன் வீட்டுக்கே அனுப்பி வைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு சிம்ரன் திருப்புட்குழிக்குப் போய்ப் புதுப் பொன்னாடை போர்த்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவளுடைய இரண்டாவது சுற்று ஆட்டமும் பத்து மணிக்குத்தான். இதைச் சுட்டிக் காட்டியபோது கலியாணசுந்தரம் பெருந்தன்மையோடு சொன்னார்.

"நாங்க ஒண்ணும் உன் ஆட்டத்துக்கு எதிரி இல்லமா. நீ எப்ப வேணா ஆடு. பத்து மணிக்கி மட்டும் ஆடாதே."

ஜெபகுமார் சரிங்க சார் என்றார். காலையில் வேனைத் துடைத்து அவளை ஏற்றிக்கொண்டார். திருப்புட்குழிக்கும் கோர்ட்டுக்கும் சாலை பிரிகிற இடத்தில் சிம்ரன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் எந்தப் பக்கம் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். வண்டி கோர்ட் பக்கம் திரும்பியது.

பாலாஜி முதல் முறையாகப் புத்தகத்தில் இல்லாத ஒரு காரியம் செய்திருந்தார். சென்னையில் தெரிந்தவருக்குப் போன் போட்டு, விடிகாலை பஸ்ஸில் ஒரு நைலான் நெட்டை வரவழைத்துத் தானே கட்டியிருந்தார். பேரவையினர் எல்லோரும் திருப்புட்குழியில் காத்திருந்ததால் மேடை காலி. மைக் செட்காரர்கூட இல்லை.

முதல் சர்வீஸை அவள் நெட்டில் அடித்தாள். அடித்துவிட்டு நின்றாள். யாராவது எழுந்திருப்பார்கள், யாராவது துணியோடு ஓடி வருவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பந்து சும்மா உருண்டு கிடந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது.

அப்போது ஜெபகுமாரின் போன் அடித்தது. கண்ணாயிரம். அவர் போட்ட சத்தம் கோர்ட் வரைக்கும் கேட்டது. பொண்ணை இப்பவே கூட்டிக்கொண்டு வராவிட்டால் இனிமேல் தலைவர் கடை வாசலில் உன் வண்டி நிற்கவே கூடாது என்றார்.

"சரிங்க சார்," என்றார் ஜெபகுமார். "நிக்காது சார். பொண்ணு ஆடிக்கினு இருக்குது, சத்தம் போடக்கூடாதுன்னு ரெஃப்ரி சொல்றாரு. வச்சிடறேன்."

சிம்ரன் இரண்டாவது பந்தைத் தூக்கிப் போட்டாள்.